புது டெஸ்க்டாப்புக்குப் பாகம் வாங்கும் முன்: எது எதோடு பொருந்தும், எது பொருந்தாது

தனித்தனியாகப் பாகங்கள் வாங்கி டெஸ்க்டாப் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், சேர்க்கிற வேலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒரு நல்ல ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அரை நாளில் முடிந்துவிடும். ஆளை அலைக்கழிப்பது அதற்கு முந்தைய கட்டம்தான்: வாங்குவது. ஏழெட்டுப் பாகங்கள், ஒவ்வொன்றிலும் எண்ணி மாளாத மாடல்கள், எதை எதோடு போடலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். "எல்லாம் செட் ஆகிடும், எடுத்துட்டுப் போங்க" என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில். செட் ஆகாததை எல்லாம் மாற்றி வாங்க அலைந்த பிறகு பிடிபட்டது இது: சந்தேகங்களில் முக்கால்வாசிக்கு விடை இரண்டே இடங்களில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. ஒன்று, மதர்போர்டின் மேனுவலும் அதன் சப்போர்ட் பக்கமும். இன்னொன்று, கேபினெட்டின் அளவு அட்டவணை. இரண்டும் தயாரிப்பாளரின் தளத்தில் இலவசம். பொருளை வாங்கிய பிறகுதான் படிக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

கீழே உள்ள வரிசையிலேயே முடிவெடுங்கள். ஆஃபரில் கிடைத்தது என்று ரேமை முதலில் வாங்கிவிட்டால், மற்ற எல்லாப் பாகங்களையும் அந்த ரேமுக்காகத் தேட வேண்டியிருக்கும்.

1. என்ன வேலைக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்

ஒரே வரி போதும். "கேம் ஆட, 1440பி மானிட்டரில்" என்றோ, "வீடியோ எடிட்டிங், நிறைய ஸ்டோரேஜ்" என்றோ, "ஆபீஸ் வேலையும் பிரௌசிங்கும்" என்றோ எழுதுங்கள். மூன்றாவது ரகம் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. செலவில் பெரிய பகுதி அப்போதே மிச்சம். கேமுக்கு என்றால் மொத்த பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் மேல், கிராபிக்ஸ் கார்டுக்கே போகும். அதை ஒதுக்கிவிட்டுத்தான் மற்றதைப் பிரிக்க வேண்டும்.

மானிட்டர், கீபோர்டு, விண்டோஸ் லைசென்ஸ் எல்லாம் அந்த பட்ஜெட்டுக்குள்ளா, வெளியேவா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பலருக்குக் கணக்கு உதைப்பது இங்கேதான்.

2. பிராசசரும் சாக்கெட்டும்

பிராசசர் மதர்போர்டில் உட்காரும் இடம்தான் சாக்கெட். இப்போது புதிதாகச் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் பார்க்கப்போவது இவற்றைத்தான்:

இன்டெலில் எல்ஜிஏ1700, 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளுக்கும் பொது. 2024இல் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்ஜிஏ1851. ஏஎம்டியில் ரைசன் 5000 வரை பழைய ஏஎம்4. 2022இல் வந்த ரைசன் 7000, அதன் பின் வந்த 8000ஜி, 9000 வரிசைகளுக்கு ஏஎம்5.

சாக்கெட் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இன்டெலின் 6, 7, 8, 9 ஆகிய நான்கு தலைமுறைகளும் எல்ஜிஏ1151 என்ற ஒரே பெயரில்தான் வந்தன. ஆனால் 8, 9ஆம் தலைமுறை பிராசசர்களுக்கு 300 வரிசை சிப்செட் (போர்டு எதையெல்லாம் ஏற்கும் என்பதைத் தீர்மானிக்கும் சிப்) வேண்டும். பழைய 100, 200 வரிசை போர்டில் அவை அழகாக உட்காரும், ஓடாது. பழைய பாகங்களை வைத்துச் சேர்க்கிறவர்களை இது இன்றும் மாட்டிவிடுகிறது.

அப்புறம், பெயரின் கடைசி எழுத்தைப் படியுங்கள். இன்டெலில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஐ5-13400எஃப் வாங்கிவிட்டு, கிராபிக்ஸ் கார்டை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், அதுவரை திரையில் ஒன்றும் வராது. 'கே' என்று முடிந்தால் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் டப்பாவில் கூலர் வராது. ஏஎம்டியில் ரைசன் 5000இல் 'ஜி' இல்லாத மாடல்களில் கிராபிக்ஸ் இல்லை. 7000, 9000 வரிசைகளில் பெரும்பாலானவற்றில் சின்னதாக ஒன்று இருக்கும். 7500எஃப் மாதிரி 'எஃப்' மாடல்களில் இருக்காது.

இன்னொன்று, பலர் சொல்லாமல் விடுவது. ரைசன் 8000ஜி வரிசையின் உள் கிராபிக்ஸ் நன்றாக இருக்கும். ஆனால் பின்னால் பெரிய கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்ற எண்ணத்தில் அதை வாங்காதீர்கள். கார்டுக்கு 16 பிசிஐஇ லேன் (கார்டும் பிராசசரும் தரவைப் பரிமாறும் பாதை) கொடுக்காமல் 8700ஜி எட்டுதான் கொடுக்கிறது, 8500ஜி நான்குதான். கார்டு ஓடும்; முழு வேகம் கிடைக்காது.

'டிரே' பிராசசர் (தனி டப்பா இல்லாமல் வருவது) விலை குறைவு என்று யாராவது காட்டினால் வாரண்டி யார் கொடுப்பது என்று முதலில் கேளுங்கள். டப்பாவில் வரும் இன்டெல் பிராசசருக்கு இன்டெலே நேரடியாக வாரண்டி தருகிறது. டிரேயில் வருவதற்கு விற்றவர்தான் பொறுப்பு.

3. மதர்போர்டு

இதில் நேரம் செலவழியுங்கள். மற்ற எல்லாவற்றையும் அவசரமாகத் தேர்ந்தெடுத்தாலும் இதை மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

முதலில் சிப்செட். எல்ஜிஏ1700க்கு எச்610, பி660, பி760, இசட்690, இசட்790 என்று வரும். பிராசசரை ஓவர்கிளாக் செய்ய (குறித்த வேகத்துக்கு மேல் ஓட்ட) இசட் வேண்டும்; செய்யப்போவதில்லை என்றால் பி வரிசை தாராளமாகப் போதும். எச்610இல் ரேம் ஸ்லாட் இரண்டுதான், எம்.2 இடமும் (எஸ்எஸ்டி செருகும் ஸ்லாட்) குறைவு. ஏஎம்5க்கு ஏ620, பி650, பி850, எக்ஸ்670, எக்ஸ்870 என்று போகும். பி வரிசையிலேயே பெரும்பாலும் ஓவர்கிளாக் முடியும் என்பதால், இரண்டு மூன்று எஸ்எஸ்டிக்கு மேல் போடாதவருக்கு எக்ஸ் வரிசை வெறும் செலவு. பி840இல் மட்டும் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய முடியாது. பி650, பி850 பக்கத்தில் அது நிற்காது.

அடுத்தது பயாஸ், அதாவது ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள். புது பிராசசரைப் பழைய போர்டு அடையாளம் காண, பயாஸ் அந்த பிராசசருக்குப் பிந்தைய பதிப்பாக இருக்க வேண்டும். பி650 போர்டில் ரைசன் 9000, பி660 போர்டில் 14ஆம் தலைமுறை இரண்டுமே பொருந்தும். ஆனால் போர்டு குடோனில் ஒரு வருடம் கிடந்திருந்தால் பழைய பயாஸோடுதான் வரும். ஆன் செய்தால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். இதைத் தவிர்க்க:

போர்டின் சப்போர்ட் பக்கத்தில் 'சிபியு சப்போர்ட்' பட்டியலைத் திறந்து உங்கள் பிராசசரைத் தேடுங்கள். பக்கத்திலேயே எந்த பயாஸ் பதிப்பிலிருந்து என்று போட்டிருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

போர்டின் பின்பக்கம் 'பயாஸ் ஃபிளாஷ்பேக்' பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிராசசர், ரேம் எதுவும் மாட்டாமல், பவர் சப்ளையை மட்டும் இணைத்து, ஃபேட்32 ஃபார்மேட் செய்த பென்டிரைவிலிருந்து புது பயாஸை ஏற்றிவிடலாம். கோப்பின் பெயரை மேனுவல் சொல்கிறபடி மாற்றி வைக்க வேண்டும். அதை விட்டுவிட்டுப் பட்டனை அமுக்கி, வேலை செய்யவில்லை என்று போர்டைக் குறை சொல்வது சகஜம். இரண்டு போர்டுக்கு நடுவே திணறினால், நான் இந்தப் பட்டன் உள்ளதைத்தான் எடுப்பேன்.

இன்டெல் 13, 14ஆம் தலைமுறை வாங்குவோருக்கு பயாஸ் இன்னும் முக்கியம். அந்த டெஸ்க்டாப் பிராசசர்கள் சிலவற்றில் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய் நிலையிழக்கும் கோளாறு இருந்தது. 2024 ஆகஸ்டிலிருந்து இன்டெல் அதற்கு மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தங்கள் கொடுத்தது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. திருத்தம் உங்களுக்கு வந்து சேர்வது பயாஸ் வழியாகத்தான். கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாக அதை முடியுங்கள்.

அளவும் பாருங்கள். ஏடிஎக்ஸ் 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244, மினி ஐடிஎக்ஸ் 170 × 170. பெரிய கேபினெட்டில் சின்ன போர்டு போகும்; மறுபக்கம் போகாது. மினி ஐடிஎக்ஸ் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் முதல் தடவை சேர்ப்பவருக்கு வேண்டாம்: போர்டும் விலை கூடும், கூலர், பவர் சப்ளை எல்லாவற்றிலும் கட்டுப்பாடு, கேபிளை மடக்கிச் செருகவே பாதி நாள் போய்விடும்.

கடைசியாக வைஃபை. பெயரில் 'வைஃபை' என்று இல்லாத போர்டில் பெரும்பாலும் அது இருக்காது. பின்னால் கார்டு வாங்கிப் போடுவதைவிட, உள்ளதையே வாங்குவது பல சமயம் மலிவு.

4. ரேம்

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் 288 பின். ஆனால் அடியில் உள்ள வெட்டு சற்று இடம் மாறியிருக்கும். அதனால் ஒன்றை இன்னொன்றின் ஸ்லாட்டில் செருக முடியாது. போகவில்லை என்று அமுக்காதீர்கள், ஸ்லாட் போய்விடும்.

ஏஎம்4க்கு டிடிஆர்4தான். ஏஎம்5க்கும் எல்ஜிஏ1851க்கும் டிடிஆர்5தான். குழப்பம் எல்ஜிஏ1700இல்: பிராசசர் இரண்டையும் ஏற்கும், போர்டு ஏதாவது ஒன்றைத்தான் ஏற்கும். ஒரே மாதிரி பெயரில் இரண்டு போர்டு விற்கும். ஒன்றின் வாலில் மட்டும் 'டி4' அல்லது 'டிடிஆர்4' என்று ஒட்டியிருக்கும். ஆர்டர் போடும் முன் அந்த வாலைப் படியுங்கள். லேப்டாப்புக்கான சோடிம் ரேமும் அதே பட்டியலில் கலந்து வரும். நீளம் பாதிதான் இருக்கும், டெஸ்க்டாப் போர்டில் செருகவே முடியாது.

எத்தனை குச்சி (தனித்தனி ரேம் பலகை) என்பதும் பொருத்தம் சார்ந்த கேள்விதான். 32 ஜிபி வேண்டும் என்றால் 16 ஜிபி இரண்டாக, ஒரே பேக்கில் ஜோடியாக வாங்குங்கள். இப்போதைக்கு ஒன்று, பிறகு ஒன்று என்று வாங்கினால் மாடல் எண் ஒன்றாகவே இருந்தும் உள்ளே சிப் மாறியிருக்கலாம், முழு வேகத்தில் சேர்ந்து ஓடாமல் போகலாம். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் இன்னொரு சிக்கல். ரைசன் 7000இல் இரண்டு குச்சிக்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 5200. நான்கு போட்டால் 3600தான். டிடிஆர்5 போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தாலும் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வேகத்தைப் பொறுத்தவரை ஏஎம்5க்கு 6000 என்று போட்ட டிடிஆர்5 எடுத்தால் மேற்கொண்டு யோசிக்க வேண்டாம். அந்த 6000 தானாக வராது. பயாஸுக்குள் போய் எக்ஸ்போ (இன்டெலில் எக்ஸ்எம்பி) என்ற ரேம் வேக அமைப்பை ஆன் செய்ய வேண்டும். வருடக்கணக்கில் ஆன் செய்யாமலே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். போர்டின் சப்போர்ட் பக்கத்தில் 'மெமரி க்யூவிஎல்' என்று ஒரு பட்டியல் கிடைக்கும். தயாரிப்பாளர் போட்டுப் பார்த்த ரேம்கள் அதில் இருக்கும். பட்டியலில் இல்லாதது ஓடாது என்று பொருளில்லை. இருப்பதை வாங்கினால் தலைவலி குறைவு, அவ்வளவுதான்.

5. கிராபிக்ஸ் கார்டு

எந்த பிசிஐஇ கார்டும் எந்த பிசிஐஇ போர்டிலும் ஓடும், 3.0, 4.0, 5.0 ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். விதிவிலக்காக நினைவில் வைக்க வேண்டியது, லேன் குறைந்த மலிவு கார்டுகள். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் நான்கு லேன்தான். 4.0 போர்டில் சமாளிக்கும், பழைய 3.0 போர்டில் போட்டால் வேகம் கண்ணுக்குத் தெரியவே விழும். பழைய கம்ப்யூட்டருக்கு மலிவாக ஒரு கார்டு என்று தேடுபவர்களே இதை அதிகம் வாங்குகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

மற்றபடி கார்டின் மூன்று அளவுகளைக் குறித்து வையுங்கள்: நீளம், எத்தனை ஸ்லாட் தடிமன், எத்தனை பவர் பிளக். ஒரே ஆர்டிஎக்ஸ் 4070 ஒரு தயாரிப்பாளரிடம் இரண்டு விசிறியோடு குட்டையாகவும், இன்னொருவரிடம் மூன்று விசிறியோடு நீளமாகவும் வரும். ஆகவே சிப்பின் பெயரை வைத்து அளவு பார்க்காதீர்கள். நீங்கள் வாங்கும் மாடலின் பக்கத்தில் பாருங்கள்.

6. கூலரும் கேபினெட்டும்: டேப் எடுங்கள்

மின்சாரப் பொருத்தம் சரியாக இருந்தும் சாமான் உள்ளே போகாமல் திருப்பி அனுப்பப்படுவது அதிகம் இந்த இரண்டால்தான்.

கூலரைப் பிடிக்கும் ஓட்டைகளின் இடைவெளி சாக்கெட்டுக்குச் சாக்கெட் மாறும். எல்ஜிஏ1200 வரை 75 மி.மீ. சதுரமாக இருந்தது, எல்ஜிஏ1700இல் 78 மி.மீ. ஆனது. பழைய கையிருப்பை எதற்கும் பொருந்தும் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு, எனக்கும் விற்றார்கள். கொக்கியை என்ன அழுத்தினாலும் ஓட்டையில் இறங்காது. கூலர் டப்பாவில் 'எல்ஜிஏ1700' அல்லது '1851' என்று எழுதியிருக்க வேண்டும். 1700க்கான கிளாம்பு 1851க்கும் பொதுவாகச் சேரும். ஏஎம்4 கூலர்கள் பெரும்பாலும் ஏஎம்5க்கும் பொருந்தும், ஒரு நிபந்தனையோடு: ஏஎம்5இல் போர்டுக்குப் பின்னால் உள்ள தகட்டைக் கழற்ற முடியாது. தன்னுடைய தகட்டையே போடச் சொல்கிற கூலர் என்றால் அங்கே நிற்காது.

அடுத்தது உயரம். கேபினெட் அட்டவணையில் 'சிபியு கூலர் ஹைட்' என்று ஒரு வரி இருக்கும். பெரிய டவர் கூலர்கள் 155 முதல் 165 மி.மீ. வரை போகும். ஒடுக்கமான கேபினெட்டில் போட்டால் பக்கக் கண்ணாடி மூடாது. கூலரின் முன் விசிறி ரேமுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், விளக்கு வைத்த உயரமான ரேம் எடுத்தால் அங்கேயும் முட்டும். பளபளப்பு முக்கியமில்லை என்றால் குட்டையான ரேமே எடுங்கள்.

தண்ணீர் கூலர் போடுவதாக இருந்தால் கணக்கு இப்படி. ரேடியேட்டர் சாதாரணமாக 27 மி.மீ. தடிமன், விசிறி 25. இரண்டும் சேர்ந்து 52. கேபினெட்டில் 'கிராபிக்ஸ் கார்டு 360 மி.மீ. வரை' என்று போட்டிருந்து, ரேடியேட்டரை முன்பக்கம் மாட்டினால் மிச்சம் 308தான். 320 மி.மீ. கார்டு போகாது. அதே ரேடியேட்டரை மேலே மாட்டினால் கார்டு தப்பிக்கும், ஆனால் மேல்பக்கம் 360 ரேடியேட்டர் ஏற்குமா, 240தானா, போர்டின் ஹீட்சிங்கில் இடிக்குமா என்று பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் எந்த அளவு என்று அட்டவணையில் தனித்தனியாகப் போட்டிருக்கும். கேமுக்கு நடுத்தர பிராசசர் வாங்குபவருக்கு இந்தத் தொல்லையே தேவையில்லை. நல்ல காற்றுக் கூலர் ஒன்று போதும்.

கேபினெட்டில் இன்னும் ஒன்று: முன்பக்கம் யூஎஸ்பி-சி ஓட்டை இருந்தால் அதற்கான தனி ஹெடர் (கேபிள் செருகும் இடம்) போர்டில் இருக்க வேண்டும். மலிவு போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது. அப்போது அந்த ஓட்டை சும்மா அழகுக்கு.

7. பவர் சப்ளை

எஸ்எம்பிஎஸ் என்று நாம் சொல்கிற இதில்தான் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். பிடிக்காதீர்கள்.

எத்தனை வாட் என்பதை இப்படிக் கணக்குப் போடலாம். பிராசசரின் டப்பாவில் உள்ள வாட்டை நம்ப வேண்டாம். உச்சத்தில் அதைவிட அதிகம் இழுக்கும். ஏஎம்5இல் 65 வாட் என்பது 88 வரை போகும், 105 என்பது 142 வரை, 170 என்பது 230 வரை. இன்டெல் ஐ7-13700கேயில் 125 என்று போட்டிருக்கும், உச்சம் 253. இதோடு கார்டின் வாட்டைக் கூட்டுங்கள். போர்டு, ரேம், டிரைவ், விசிறிகளுக்கு ஒரு 75 வாட் வையுங்கள்.

உதாரணத்துக்கு ரைசன் 7 7700, ஆர்டிஎக்ஸ் 4070: 88 + 200 + 75 = 363 வாட். அப்படியென்றால் 400 வாட் போதுமா என்றால், போதாது. கிராபிக்ஸ் கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்குள் தங்கள் அளவைத் தாண்டி இழுத்துவிட்டுத் திரும்பும். அதைத் தாங்காத சப்ளை கேம் நடுவே அணைந்துவிடும். இந்தக் கார்டுக்கு என்விடியாவே 650 வாட் என்றுதான் சொல்கிறது. கார்டு தயாரிப்பாளர் சொல்லும் வாட்டுக்குக் கீழே போகாதீர்கள் என்பதுதான் சுலபமான விதி.

'80 பிளஸ் கோல்டு' என்ற முத்திரை, சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே என்ன கெப்பாசிட்டர், பாதுகாப்பு எப்படி என்றெல்லாம் அது சொல்லாது. வாரண்டி ஆண்டுகள் அதைவிட நல்ல அடையாளம். தயாரிப்பாளருக்கே நம்பிக்கை இல்லாத சரக்குக்கு நீண்ட வாரண்டி கொடுக்கமாட்டார்கள்.

பிளக்குகளை எண்ணுங்கள். கார்டுக்கு 8 பின் இரண்டு வேண்டுமென்றால் சப்ளையிலிருந்து தனித்தனி கேபிள் இரண்டு வர வேண்டும். ஒரே கேபிளில் இரண்டு தலை தொங்குவதை வைத்துச் சமாளிக்காதீர்கள். 8 பின் பிளக் ஒன்று 150 வாட்டுக்குத்தான். பிராசசருக்கும் ஒரு 8 பின் கேபிள் உண்டு. அது 4+4ஆகப் பிரியும், கார்டுக்குரியது 6+2ஆகப் பிரியும். இரண்டும் வேறு.

புது என்விடியா கார்டுகளில் பல 16 பின் பிளக்கோடு வருகின்றன. முதலில் வந்தது 12விஎச்பிடபிள்யூஆர், திருத்தி வந்தது 12வி-2×6. அந்த கார்டு வாங்குவதானால் ஏடிஎக்ஸ் 3.1 சப்ளையாக எடுத்தால் கேபிள் கூடவே வரும், அடாப்டர் தேவைப்படாது. பிளக்கை இடைவெளி தெரியாத அளவுக்கு முழுதாகச் செருகுங்கள். செருகிய இடத்திலேயே ஒடித்து வளைக்காதீர்கள். அரைகுறையாக நின்ற பிளக்குகள் உருகியிருக்கின்றன. கேபினெட்டின் அகலத்தைப் பார்க்கும்போது கேபிள் வளைவதற்கும் கொஞ்சம் இடம் சேர்த்துப் பாருங்கள்.

இதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள்: மாடுலர் சப்ளையின் (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடியது) கேபிளை வேறு சப்ளையில் போடக் கூடாது. செருகும், ஓடும்போல இருக்கும். ஆனால் சப்ளை பக்கத்தில் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பதற்குப் பொது விதி கிடையாது. 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போனால் ஹார்டுடிஸ்க் புகைந்துவிடும், உள்ளே இருந்ததும் போய்விடும். பழைய சப்ளையை எடுத்து வைக்கும்போது அதன் கேபிள்களையும் அதே பையில் கட்டி வையுங்கள்.

8. எஸ்எஸ்டி

எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அதே வடிவத்தில் வேகம் குறைந்த பழைய சாட்டாவும் வரும், வேகமான என்விஎம்இயும் வரும். புது போர்டுகள் பலவற்றின் எம்.2 ஸ்லாட் சாட்டாவை ஏற்காது, ஆகவே என்விஎம்இ என்று பார்த்து வாங்குங்கள். 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம்; எல்லா போர்டும் இதை ஏற்கும். பழைய ஹார்டுடிஸ்க்குகளையும் மாட்டுவதாக இருந்தால் மேனுவலில் ஸ்டோரேஜ் பக்கத்தின் அடிக்குறிப்பைப் படியுங்கள். குறிப்பிட்ட எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் சில சாட்டா போர்ட்டுகள் செத்துவிடும் என்று அங்கேதான் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

9. கணக்கில் வராத செலவுகள்

கூலர் டப்பாவில் வராத பிராசசர் என்றால் கூலர். கூலரோடு வராவிட்டால் தெர்மல் பேஸ்ட் (பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே தடவுவது). கேபினெட்டில் ஒரே விசிறி என்றால் கூடுதல் விசிறி. மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் என்றால் கன்வெர்ட்டர், அல்லது புது மானிட்டர். பென்டிரைவ் ஒன்று, 8 ஜிபியாவது.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. புதிதாகச் சேர்ப்பவர் 11தான் போட வேண்டும். அதற்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகள் தேவை. மேலே சொன்ன புது போர்டுகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. லைசென்ஸில் ஓஇஎம் மலிவு, ஆனால் மதர்போர்டோடு கட்டப்பட்டது. ரீடெயில் என்றால் நாளைக்கு வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம்.

10. எப்போது வாங்குவது, எதைப் பத்திரப்படுத்துவது

பட்டியல் முடிந்ததும் பிசிபார்ட்பிக்கர் மாதிரி ஒரு தளத்தில் எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். சாக்கெட், ரேம் வகை, கார்டு நீளம் போன்ற பெரிய மோதல்களை அது பிடித்துவிடும். பயாஸ் பதிப்பு, ரேம் உயரம் போன்றவற்றில் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும் அல்லது ஒன்றுமே சொல்லாது. அவை உங்கள் வேலை.

மாதம் ஒரு பாகமாக வாங்குவது நல்ல யோசனை போலத் தோன்றும். பாகம் கெட்டிருக்கிறதா என்று தெரிய எல்லாமே கையில் இருந்தாக வேண்டும். கடைசிப் பாகம் வரும்போது முதல் பாகத்தின் மாற்றித்தரும் காலம் முடிந்திருக்கும். வாரண்டியும் சும்மா கிடந்தே கரைந்திருக்கும். ஆகவே பணத்தைச் சேர்த்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே வாரத்துக்குள் வந்து சேரும்படி வாங்குங்கள். வாங்கும் முன், பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் என்பதை எழுத்தில் பாருங்கள். பிரித்த பிராசசரையும் ரேமையும் பலர் எடுப்பதில்லை.

பில்லில் மாடல் பெயர் முழுதாக, சீரியல் எண்ணோடு இருக்க வேண்டும். "மதர்போர்டு - 1" என்று எழுதிய பில் வாரண்டி கேட்கும்போது உதவாது. டப்பாவைப் பிரிக்கும் முன் சீரியல் எண் ஒட்டியிருக்கும் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டின் சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியையும் தூக்கிப் போடாதீர்கள். அதற்கடியில் மயிரிழை போன்ற பின்கள் வரிசையாக நிற்கும். ஒன்று வளைந்தாலும் போர்டு வீண். வாரண்டிக்கு அனுப்பும்போது மூடி இல்லாமல் வந்தால் ஏற்க மறுக்கும் தயாரிப்பாளர்கள் உண்டு. போர்டு கைக்கு வந்தவுடன், பிராசசர் போடும் முன்பே, அந்தப் பின்களையும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

11. கேபினெட்டில் அடைக்கும் முன் ஓட்டிப் பாருங்கள்

மதர்போர்டை அதன் அட்டை டப்பாவின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரு ரேம், பவர் சப்ளை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். உள் கிராபிக்ஸ் இல்லாத பிராசசர் என்றால் கார்டும் வேண்டும். கார்டு போட்டிருந்தால் மானிட்டர் கேபிளைக் கார்டில் செருகுங்கள், போர்டில் அல்ல. பயாஸ் திரை வந்தால் முக்கால் கிணறு தாண்டியாயிற்று.

டிடிஆர்5 போர்டு முதல் தடவை ரேமைப் பழக்கப்படுத்திக்கொள்ள சில நிமிடம் எடுக்கும். திரை கறுப்பாக இருக்கும், போர்டின் ஓரத்தில் 'டிராம்' என்ற குட்டி விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பதறி பவரைப் பிடுங்காதீர்கள்; கால் மணி நேரம் வரை விட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் அந்த விளக்கே நின்றால் ரேமைக் கழற்றி மறுபடி சொடுக்குச் சத்தம் கேட்க அழுத்துங்கள். இரண்டு குச்சி என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட். பெரும்பாலான போர்டுகளில் இதுதான் கணக்கு, மேனுவலில் படமே போட்டிருக்கும்.

எல்லாம் சரி என்றால் கேபினெட்டில் ஏற்றி, பயாஸைப் புதுப்பித்து, அதன் பிறகு எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பயாஸ் புதுப்பித்தால் அமைப்புகள் பழையபடி ஆகிவிடும். விண்டோஸ் 11 நிறுவும்போது இன்டர்நெட் கேட்கும், ஆனால் புது வைஃபை சிப்புக்கு டிரைவர் அதனிடம் இருக்காது. ரவுட்டரோடு இணைக்கும் லேன் கேபிளோ போனின் யூஎஸ்பி டெதரிங்கோ தயாராக இருக்கட்டும். போர்டின் வைஃபை டிரைவரை முன்கூட்டியே பென்டிரைவில் போட்டு வைத்தால் இன்னும் நல்லது.

கடைசியில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு இரவு ஓடட்டும். பிழை ஒன்றே ஒன்று வந்தாலும் விட்டுவிடாதீர்கள். எக்ஸ்போவை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் குச்சிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எது என்று கண்டுபிடியுங்கள். மாற்றித்தரும் காலத்துக்குள் கொடுத்துவிடுங்கள், ஆனால் கெட்டதை மட்டும் அல்ல. ஜோடியாக வாங்கியதை ஜோடியாகத்தான் திரும்பக் கேட்பார்கள்.